மொசாம்பிக்காவின் பெண்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த அதிசயங்களுக்குள் பெரியது எது என்று என்னைக் கேட்டால், நான் எந்தக் கப்பலின் பெயரையும் சொல்ல மாட்டேன். மொசாம்பிக்காவைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் அவள் கப்பலில் வரவில்லை. கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கி, பஸ் ஏறி, வழியெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். ஆனாலும் ஒரு பெரிய கப்பல் வந்து கட்டினால் சனம் எப்படி நின்று பார்க்குமோ, அப்படித்தான் எங்கள் வீதி முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்த்தது.

கூட்டி வந்தவன் அமலன். கப்பலில் சமையற்காரன். மொசாம்பிக் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நின்ற நாட்களில், சந்தைக்கு மீன் வாங்கப் போனவன் பெண்ணோடு திரும்பி வந்தான். அவளுடைய கடவுச்சீட்டுப் பெயரை வாசித்து முடிக்க அமலனின் பங்குச் சாமியாருக்கே இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. வீதிப் பிள்ளைகள் ‘மொசாம்பிக் அக்கா’ என்று கூப்பிடப் போய், அது ‘மொசாம்பிக்கா’ ஆகிவிட்டது. அதுதான் தன் தமிழ்ப் பெயர் என்று அவளும் நம்பிவிட்டாள்.

நான் அமலன் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்து கச்சேரியில் அரசாங்க வேலை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கலியாணமாகி மெல்பேர்னில். தினமும் போன் எடுத்து, “சாப்பிட்டீங்களா அம்மா?” என்று கேட்பாள். நானும் “ஓம்” என்பேன். அதோடு அன்றைய என் பேச்சு முடிந்துவிடும். அமலன் ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் போக, நானும் அவளும் எஞ்சினோம்.

பாஷைக்கு என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டேன். வீண் கவலை. அடுத்த நாள் காலை அவள் மேசையைத் தட்டி “மேசா” என்றாள். கதிரையைக் காட்டி “கதெய்ரா” என்றாள். நான் “ஓம், கதிரை” என்றேன். அவள் கண்கள் விரிந்தன. பிறகு வீடு முழுவதும் ஓடினாள். யன்னல், அலுமாரி, குசினி, சாவி, சப்பாத்து, பாண். தான் கொண்டுவந்த சொற்கள் எல்லாம் தனக்கு முன்னமே இங்கே வந்து குடியிருப்பதைக் கண்டவளுக்குச் சந்தோசம் பாதி, சந்தேகம் பாதி. தமிழ் கொஞ்சம் பிடிபட்டதும் என்னை விசாரணை செய்தாள்.

“அக்கா, இது எங்கட சொல். நீங்க எப்ப எடுத்தனீங்க?”

“நாங்கள் எடுக்கேல்ல. போர்த்துக்கேயர் குடுத்தது. உங்களுக்கும் அவங்கள்தான் குடுத்தது.”

அவள் சற்று யோசித்தாள். “குடுத்தது கதிரை,” என்றாள். “எடுத்தது?”

கச்சேரியில் முப்பது வருடம் வேலை செய்தவள் நான். எந்தக் கேள்வியையும் வேறொரு பகுதிக்கு அனுப்பிவிடத் தெரியும். அந்தக் கேள்வியை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

அவள் படம் வரைகிறவள் என்பது மழைக்காலத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோதுமைமாச் சாக்குகளைப் பிரித்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, வேலியில் காயப்போட்டாள். வள்ளக்காரரிடம் மிஞ்சிய பெயின்ற் டின்களைக் கெஞ்சி வாங்கி வந்தாள். வரைந்ததெல்லாம் பெண்கள். தலையில் மூட்டை, முதுகில் பிள்ளை, இடுப்பில் பெரிய பெரிய பூப்போட்ட துணி. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊர் மான்களைப் பற்றித் தெரிந்தவர்கள் அடுத்து நடந்ததை ஊகிக்கலாம். வீதியில் மேயும் அந்தக் கூட்டம், கஞ்சி வாசத்துக்கு வந்து, ஒரு பெண்ணை இடுப்பு வரை தின்றுவிட்டது. மொசாம்பிக்கா தும்புத்தடியோடு மான்களைக் கடற்கரை வரை துரத்தினாள். திரும்பி வந்து, மிஞ்சிய பாதிப் பெண்ணை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். “அவ வலு தூரம் நடந்து வந்தவ. பாவம்” என்றாள்.

மரியதாஸ் சம்மாட்டி அவளைத் தன் புது வள்ளத்துக்குப் பெயர் எழுதக் கூப்பிட்டார். ‘கடல் அரசி’ என்று கடதாசியில் எழுதியும் கொடுத்தார். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. படம் போலப் பார்த்து வரைவாள். பின்னேரம் வள்ளத்தடியில் ஒரே கூக்குரல். போய்ப் பார்த்தால், சிவப்பில் மஞ்சள் கரை கட்டி, அவ்வளவு வடிவான எழுத்தில், ‘கடல் அரிசி.’

“என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறீர்? அரசியை அரிசி ஆக்கிப்போட்டீரே!” சம்மாட்டி தலையில் கை வைத்தார்.

மொசாம்பிக்கா ‘ரி’யைக் காட்டினாள். “இவ தலையில ஒண்டுமில்லாம நிண்டவ. பக்கத்தில இருக்கிறவவுக்குத் தொப்பி இருக்கு. இவவுக்கு இல்லை. அதுதான் போட்டனான்.”

அழிக்கச் சொல்ல நினைத்த சம்மாட்டி பதிலைக் கேட்டுச் சிரித்ததில் கோபத்தை விட்டுவிட்டார். முதல் நாளே வலை நிறைந்து வந்தது. பிறகு அந்தப் பெயரை மாற்றச் சொன்னவர்களோடு அவரே சண்டைக்குப் போனார்.

பக்கத்து வீட்டுப் புஸ்பராணி ரீச்சர் ஓய்வு பெறுகிறபோது, பள்ளிக்கூடத்தில் மாட்டுவதற்குத் தன்னை வரையச் சொன்னார். நல்ல சேலை, அட்டியல், முகத்தில் இரண்டு தரம் பவுடர். வரைந்து முடித்த படத்தில் பவுடர் இல்லை. அட்டியலும் இல்லை. அகன்ற தோளும் மினுங்கும் கறுப்புமாக, ஒரு மகாராணி போல ஒரு பெண் இருந்தாள்.

“நான் இவ்வளவு கறுப்போ?”

“ஓம்,” என்றாள் மொசாம்பிக்கா. “நல்ல வடிவு.”

ரீச்சர் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “இப்பதானப்பா உம்மைப் போல இருக்கு” என்று சொல்லித் தொலைத்ததில், கொஞ்ச நாள் அந்த மனுசன் கடைச் சாப்பாடுதான் சாப்பிட்டார். ஆனால் ரீச்சர் மறுபடி வந்தார். படத்தைப் பார்க்க மட்டும். நின்று நின்று பார்த்தார். கடைசியில் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்காமல், தன் வீட்டு ஹோலில் மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு வீதிப் பெண்களுக்கெல்லாம் அவள் கதிரையில் வந்து இருக்கும் பழக்கம் பிடித்துவிட்டது. இருந்தவுடன் மொசாம்பிக்கா ஒரே கேள்விதான் கேட்பாள்: “எங்க நோகுது?” சொன்ன இடத்தில், படத்தில், அந்தப் பூப்போட்ட துணியைச் சுற்றிவிடுவாள். மூதூரிலிருந்து தயிர் கொண்டு வரும் றஹீமா உம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் பூ. வாயுக் கோளாறுகாரி ஒருத்திக்கு வயிறு முழுக்கப் பூந்தோட்டம். படம் வரைந்தபின் முழங்கால் மடங்குகிறது என்று றஹீமா உம்மா சத்தியம் பண்ண, சனம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் வழியில் இங்கே ஒருமுறை இறங்கிப் போனார்கள்.

ஒரு நாள் ரீச்சர்தான் கேட்டார், “உம்முடைய பொம்பிளையள் ஏன் எந்த நேரமும் நடக்கினம்?”

“எங்கட இடத்தில சண்டை வந்தா நடக்கிறது. தண்ணி வந்தா நடக்கிறது. கலியாணம் எண்டாலும் நடக்கிறது,” என்றாள் மொசாம்பிக்கா. “என்ர வீட்டைப் புயல் கொண்டு போயிட்டுது. அம்மாவும் தலையில பாய் வைச்சு நடந்தவ.”

ரீச்சர் மெல்ல, “நாங்கள் சண்டை நேரம் திரியாயில இருந்து நடக்கேக்க நான் தையல் மெசினைத் தலையில வைச்சுக்கொண்டு வந்தனான்,” என்றார். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு அது அன்றுதான் தெரியும்.

அமலன் அடுத்த முறை வரவேண்டிய மாதத்தில் வரவில்லை. செய்தி வந்தது. எங்கேயோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில், நெஞ்சு வலி. பெட்டியில் கொண்டுவந்தார்கள். நகரத்துச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. மொசாம்பிக்கா அழவில்லை. ஒப்பாரி வைக்கக் காத்திருந்தவர்கள் ஏமாந்து, தாங்கள் மட்டும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்கள்.

சில நாள் கழித்து நான் வேலையால் வந்தபோது மேசை சாம்பல் நிறமாக இருந்தது. கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்ற். மறுநாள் கதிரைகள். பிறகு யன்னல், தேத்தண்ணிக் கேத்தில், உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள். ஒரு காலை எழும்பித் தலை சீவப் போனால் என் சீப்பும் சாம்பல். அந்தச் சீப்பாலேயே சீவிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். சாக்கில் ஒரு பெண்கூட வரையப்படவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் இருந்தோம், இருவரும் தனியே இருந்தோம். அவள் குசினியில் சாப்பிட்டாள், நான் அறையில் சாப்பிட்டேன். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறபோது மட்டும் இரண்டு பேரின் கையும் அப்படியே நிற்கும்.

“இனி இதை இப்பிடியே விட ஏலாது,” என்று ஒரு பின்னேரம் ரீச்சர் கிளம்பி வந்தார். ஆறுதல் சொல்ல என்று நல்ல சந்தன நிறச் சேலை உடுத்து, மனதுக்குள் ஒரு பேச்சும் தயாரித்து வந்திருந்தார். “பாரும் பிள்ளை, சீவியம் எண்டது…” என்று தொடங்கி, கதிரையில் இருந்தார். அன்று காலைதான் அந்தக் கதிரைக்கு இரண்டாம் பூச்சு.

சீவியத்தைப் பற்றிச் சொல்லி முடித்து எழும்பினால், கதிரையும் கூடவே எழும்பியது. ரீச்சர் திரும்பினார், கதிரை திரும்பியது. “ஐயோ, என்னை ஆரோ பிடிக்கினம்!” என்று ரீச்சர் கத்த, நான் கதிரையைப் பிடித்து இழுக்க, கதிரையோடு மூவரும் சுற்றிச் சுற்றி வர, மொசாம்பிக்கா சிரித்தாள். மாதக்கணக்காகக் கேட்காத சிரிப்பு. சுவரில் சாய்ந்து, நிலத்தில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. ரீச்சர் கதிரையோடு போய் அவள் பக்கத்தில் குனிந்து நின்று, தலையைத் தடவினார். இருட்டும் வரை அவள் அழுதாள்.

அந்தச் சேலையில் கதிரை பதிந்த இடத்தைச் சுற்றி மொசாம்பிக்கா பூ வரைந்து கொடுத்தாள். ரீச்சர் அதை உடுத்துக்கொண்டு பத்திரகாளி கோயிலுக்கே போனார். அதே கிழமை குசினிச் சுவரில் ஒரு பெண் வந்தாள். தலையில் மூட்டை, அதே துணி. ஆனால் முகம் எங்கள் பக்கம் இருந்தது.

“இவ எங்க போறா?” என்று கேட்டேன்.

“போகேல்ல அக்கா. வாறா.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா போனில் முகம் காட்டுவார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. நான் மேசையைக் காட்டி “மேசை” என்பேன். அவர் “மேசா!” என்று கை தட்டுவார். நான் சாவியைத் தூக்கிக் காட்டுவேன், அவர் சப்பாத்தைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு தளபாடக் கடைக்காரிகள் வியாபாரம் பேசுவது போல இருக்கும்.

ஒரு ஞாயிறு அவர் எதையும் தூக்கிக் காட்டவில்லை. போனைத் திருப்பி ஒரு கட்டிலைக் காட்டினார். அதில் ஒரு தலையணை. புது உறை. அதை உள்ளங்கையால் தடவினார், தட்டினார், மறுபடி தடவினார். ஏதோ சொன்னார். மொசாம்பிக்கா மொழிபெயர்க்கவில்லை, எழும்பிப் போய்விட்டாள். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. மகள் விடுமுறைக்கு வந்தால் படுக்கட்டும் என்று, என் அறையிலும் ஒரு தலையணை இருக்கிறது. மாதத்துக்கொரு முறை நானும் உறை மாற்றுவேன்.

குசினிக்குப் போனேன். “நீங்க போங்கோ,” என்றேன்.

“அமலனை இங்க விட்டிட்டு எப்பிடிப் போறது?”

“அமலனை நான் பாக்கிறன். போய் மெழுகுதிரி கொளுத்திறன்.”

“நீங்க சைவமெல்லோ?”

“கற்பூரம் கொளுத்தத் தெரிஞ்சவளுக்கு மெழுகுதிரி பெரிய வேலையோ?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் போனா, நீங்க?”

“எனக்கென்ன? கச்சேரி இருக்கு. ரீவி இருக்கு,” என்றேன். அவ்வளவு தெளிவாகப் பொய் சொன்னேன், நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

காலை ரயிலுக்கு வீதியே ஸ்ரேசனுக்கு வந்தது. சம்மாட்டி கருவாடு கொண்டு வந்தார். றஹீமா உம்மா ஒரு சட்டி தயிரோடு வந்தார். தயிரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று நான் விளக்கியதும், மொசாம்பிக்கா பிளாற்போமில் சம்மணம் கட்டி இருந்து, சட்டியை மடியில் வைத்துக் கையால் முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். ரயில் கார்ட் கொடியைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். தயிர்க் கையோடேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். ரயில் போனபின் பார்த்தால், என் இரண்டு தோளிலும் அவள் கைகள் வெள்ளையாகப் பதிந்திருந்தன. ரீச்சர் துடைக்க வந்தார். நான் விடவில்லை.

அவள் இப்போது அம்மாவோடு சுகமாக இருக்கிறாள், படமும் வரைகிறாள். வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெயின்ற் மணம் போய்விட்டது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. சத்தமில்லை, சனமில்லை, நல்ல அமைதி. பார்க்கிறவர்கள், “உங்களுக்கென்ன, ராசாத்தி மாதிரி இருக்கிறீங்க” என்று பொறாமைப்படுகிறார்கள். யாருக்காவது அந்த அமைதி வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். நான் தடுக்க மாட்டேன்.