வியாழக்கிழமை வரலாமா?

இருபது வயதுப் பையனை யாராவது 'மூப்பரே' என்று கூப்பிட்டுப் பழக்கினால் அவனுக்குத் தலை கழுத்தில் நிற்காது. எனக்கு நிற்கவில்லை. மோர்மன் சபையில் ஊழியத்துக்குக் கிளம்புகிற பையன்களை அப்படித்தான் அழைப்பார்கள். மீசை ஒழுங்காக முளைக்காத முகம், கழுத்தை இறுக்கும் டை, வெள்ளைச் சட்டையில் பெயர் பொறித்த கறுப்பு வில்லை. (கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே என்மேல் கொஞ்சம் பயபக்தி வரும்.)

நாங்கள் பாண்டிச்சேரிக்காரர்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று துலூஸ் நகரில் குடியேறியவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் காய்ச்சலில்கூடத் தவறவிடாத கத்தோலிக்கர். மகன் வேறு சபைக்குப் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வருட ஊழியத்துக்காக நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வர்றேம்ப்பா" என்று சொன்னபோது, "போயிட்டு வா" என்று அவர் சொல்லவில்லை. வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

ரயிலில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒருவரையாவது சபையில் சேர்த்து, அதை அப்பாவுக்கு எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகாவது அவர் என்னை மதிப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிஸில் எங்கள் மிஷன் தலைவர் என் முகத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். "உன் மக்கள் லா சப்பல் பேட்டையில் இருக்கிறார்கள்" என்று அனுப்பிவிட்டார். என் மக்கள் என்று அவர் சொன்னவர்கள், யுத்தத்துக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசுவது அவர்களுக்கு முழுக்கப் புரிந்தது. அதனால்தான் கதவைச் சாத்தினார்கள் என்று நினைக்கிறேன்.

ஊழியத்தில் எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். துணையைக் கண்பார்வையில் இருந்து விடக் கூடாது. அவன் முடி வெட்டிக்கொண்டால் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். எனக்கு வாய்த்த துணை டாட்சன், அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணைப் பையன். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். கதவு முகத்தில் அறைந்து மூடினாலும், "பாவம், அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும்" என்பான். குளிரில் காது மரத்துப்போய், படியேறிப் படியிறங்கி, ஒருவரும் உள்ளே கூப்பிடாத நாட்களின் இரவில் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அவன் கேட்டும் கேட்காதவன்போல இருப்பான். அந்த நாகரிகம் அவனுக்கு உண்டு.

எங்களுக்காகத் திறந்த ஒரே கதவு ரூ காய் தெருவில், மின்தூக்கி இல்லாத கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை செய்த நேசன் என்ற இளைஞர், வேறு சிலரோடு அந்த ஒற்றை அறையில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.

"குளிருக்குள்ளை ஏன் தம்பி நிண்டு அலையிறியள்? உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிப்பியளோ?"

எங்கள் சபையில் தேநீரும் காபியும் விலக்கு. நான் நெளிந்துகொண்டே அதைச் சொன்னதும், "அப்ப என்னத்தைக் குடிப்பியள்?" என்று திகைத்தார். வாயில் வந்ததைச் சொன்னேன், "வெந்நீர்." அன்றிலிருந்து அந்த வீட்டில் எங்களுக்கு இரண்டு கோப்பை வெந்நீர் தவறாமல் வந்தது. அறையில் மூத்தவரான பொன்னுத்துரை அண்ணை எங்களுக்குச் 'சுடுதண்ணிச் சாமிமார்' என்று பெயர் வைத்துவிட்டார்.

நேசன் நாங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். நல்ல கேள்விகள் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அந்த இரவே அப்பாவுக்கான கடிதத்தை மனதில் எழுதி முடித்துவிட்டேன்.

டாட்சனுக்குத் தமிழ் படிக்க ஆசை வந்தது. வணக்கம், நன்றி, போயிட்டு வர்றோம் என்று மூன்றைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. போகிறோம், ஆனால் வருவோம் என்ற அர்த்தத்தைக் கேட்டு, ஊழியக்காரர்களுக்கென்றே செய்த வாக்கியம் இது என்றான். மளிகைக் கடையில் சொன்னான், மெட்ரோவில் டிக்கெட் கொடுக்கும் பிரெஞ்சுப் பெண்மணியிடமும் சொன்னான்.

ஒருநாள் அந்த மளிகைக் கடைக்காரர் எங்களைத் தெருவிலேயே நிறுத்தினார். "நேசன்ரை தாய் மோசம் போட்டாவாம். இப்பதான் கொழும்பிலையிருந்து போன் வந்தது. காடாத்தும் முடிஞ்சுதாம்."

தாயார் இறந்து, எரித்துச் சாம்பல் அள்ளும் சடங்கும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். காகிதம் கையில் வராத அகதி எப்படி ஊருக்குப் போவார்? அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. ஐந்து மாடியையும் ஏறினோம். கதவுக்கு முன்னால் டாட்சன், "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான்.

"உட்கார வேண்டும். பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. இன்னொன்றும் இருந்தது. நம்மவர்கள் சாவு வீட்டில் விடைபெறுவதில்லை. எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட வேண்டும். 'போயிட்டு வர்றேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்ன வயதில் நான் அப்படிச் சொல்ல வாயெடுத்து, அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. அதை டாட்சனுக்குச் சொல்லத்தான் நினைவு வரவில்லை.

உள்ளே ஒரு நாற்காலியில் நேசனுடைய அம்மாவின் சிறிய படம், முன்னால் விளக்கு. ஆண்கள் மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் இருந்தார்கள். நேசன் சுவரோரம் குந்தியிருந்தார். கண் காய்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை" என்று பொன்னுத்துரை அண்ணை என் காதில் சொன்னார். "உள்ளுக்கை வைச்சு அடக்கிக்கொண்டு இருக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு."

எல்லோருக்கும் பால் விடாத தேநீர் வந்தது. யாரோ எங்களுக்கும் நீட்டினார்கள். நேசன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய், இரண்டு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். அவருடைய அம்மா செத்த செய்தி வந்த அன்றுகூட எங்கள் விரதத்தை அவர் மறக்கவில்லை. 

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, முறைப்படி, மௌனமாக வாசலுக்குப் போனேன். (எவ்வளவு பக்குவமான பையன் என்று உள்ளுக்குள் ஒரு மெச்சல் வேறு.) திரும்பிப் பார்த்தால் பின்னால் துணை இல்லை.

டாட்சன் வரிசையாக ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரிடமும், உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஆனால் சத்தமாக, "போயிட்டு வர்றோம்" என்றான். ஒருவர் கையை இழுத்துக்கொண்டார். இன்னொருவர் முருகா என்றார். வரிசை முடிந்ததும் படத்தின் முன் நின்று, தலை வணங்கி, இறந்துபோன அந்த அம்மாவிடமும் சொன்னான், "போயிட்டு வர்றோம்."

அதோடு விட்டானா? அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்காமல் எந்த வீட்டை விட்டும் வெளியே வரக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. சட்டைப்பையில் இருந்து சின்ன நாட்காட்டியை எடுத்தான். நேசன் முன்னால் மண்டியிட்டு, எல்லோருக்கும் புரிகிற பிரெஞ்சில் கேட்டான்.

"வியாழக்கிழமை வரலாமா?"

பொன்னுத்துரை அண்ணை எழுந்துவிட்டார். "தம்பி! வியாழக்கிழமை ஆர் சாகப் போறது எண்டும் அவனைச் சொல்லிப்போட்டுப் போகச் சொல்லு!"

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. துணையை விட்டுப் பிரியக் கூடாது என்ற விதி காலைக் கட்டியது. "மன்னிச்சுடுங்கண்ணே, அவருக்குத் தெரியாது, நாந்தான் சொல்லல" என்று உளறினேன். இருந்த ஒரே கதவும் போயிற்று, அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதமும் போயிற்று என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். டாட்சன் மட்டும் பென்சிலைப் பிடித்தபடி அன்பாகச் சிரித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான்.

நேசனின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திப் பார்த்தும் அடக்க முடியவில்லை. பொன்னுத்துரை அண்ணைகூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. வளர்ந்த மனிதர் ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"வெளிக்கிடேக்கை அம்மாவிட்டை நான் இதைத்தான் சொன்னனான்" என்றார். "போட்டு வாறன் அம்மா எண்டு. படலையடியிலை நிண்டு, வா ராசா எண்டவ. நான் போகேல்லையே..."

டாட்சனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. நாட்காட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய கைகளால் அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நெடுநேரம் கழித்து நேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கோ. மத்தியானம் எனக்கு வேலை."

போனோம். அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் போனோம். பொன்னுத்துரை அண்ணை கதவைத் திறந்து, "இண்டைக்கு ஆர்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். நேசன் சபையில் சேரவில்லை. "முருகனை விட்டுட்டு வரமாட்டன் தம்பி, ஆனா நீங்கள் வாறதை விடாதேங்கோ" என்று நேராகவே சொல்லிவிட்டார். லா சப்பலில் நான் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு எழுத வேறு சாதனை இல்லாததால் இந்த வெட்கக்கேட்டைத்தான் எழுதினேன். முதல்முறையாக அவரிடமிருந்து பதில் வந்தது. "சாவு வீட்டில் எப்படி நடப்பது என்றுகூடப் பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை என்று என்னைத்தான் சொல்வார்கள். நீ வந்ததும் பேசிக்கொள்ளலாம்." 'வந்ததும்' என்ற சொல்லை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

பிறகு எனக்கு வேலை கிடைத்து, பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லில் குடித்தனம் ஆயிற்று. அம்மா போன பிறகு அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார். நேசன் லா சப்பலில் சொந்தக் கடை போட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பினால்கூட வாசலில் நின்று டாட்சன் குரலில் "வியாழக்கிழமை வரலாமா?" என்பார்கள். அவர்களைத் தூண்டிவிட்டது அப்பாதான். ஐடஹோவில் பேரன் பேத்தி எடுத்துவிட்ட டாட்சனுக்கு, தான் என்ன தப்புச் செய்தோம் என்பது இன்றுவரை முழுதாகப் புரியவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள். ஆஸ்பத்திரியில் இருந்தே எனக்கு அழுகை வரவில்லை. நரைத்த தலையோடு நேசன் பக்கத்தில் இருந்தார். எல்லோருக்கும் தேநீர் வந்தபோது அவர் எழுந்து போய் எனக்கு ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக, முறைப்படி, சொல்லாமல் எழுந்து போனார்கள். அவரும் எழுந்தார். வாசலில் காலணியைப் போட்டுக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு டாட்சனின் அதே பிரெஞ்சில், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு கேட்டார்.

"வியாழக்கிழமை வரலாமா?"

துக்கத்துக்கு வந்திருந்த அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் அப்பாவின் படத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன், அதே மூச்சில் அழவும் தொடங்கினேன்.

வியாழக்கிழமைக்குள் உறவினர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடந்தது. மதியம் இரண்டு மணி தாண்டியதும் நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன், அவருக்குத் தேநீருக்கும் எனக்குச் சும்மாவும். தண்ணீர் கொதிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது.