தனியாக நிற்க ஒரு பஸ் ஸ்டாண்ட்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒரு மனிதன் தனியாக நிற்க முடியும் என்று நம்பிய ஒரே ஆள், உலகத்திலேயே எங்கள் சேர் டைரக்டர்தான்.

தொழில் கல்யாண வீடியோ. ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் பார்த்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் சேரை நின்று நிதானமாகப் படமெடுத்தார். "தாலி கட்டுனது எங்கங்க?" என்று பெண்ணின் அப்பா அலறினார். "அந்தச் சேரோட மனசப் பாருங்க" என்றாராம் இவர். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது.

திருப்பூர்ப் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் ஒரு மாடியறையில் குடியிருந்தார். குடும்பம் கிடையாது. "இந்த ஊர்ல எனக்குன்னு யாரு தம்பி இருக்கா?" என்பார், எதிர்வீட்டு வள்ளியக்கா கொடுத்தனுப்பிய மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே.

அந்தத் துக்கத்தையே போன வருஷம் சின்னப் படமாக எடுத்தார். யாருமற்ற ஒருவன் துபாய் போய்த் தன்னையே கண்டுபிடிக்கிறான். ஹீரோவும் அவரே. "தன்னையே தேடுறதுக்கு அம்புட்டு தூரம் எதுக்குண்ணே போகணும்?" என்று கேட்டேன். "நீ கமர்ஷியல்" என்று வாயை அடைத்துவிட்டார். துபாய்க் காட்சிகளை மணமேல்குடி மணலிலேயே முடித்தாயிற்று. பாக்கி ஒரே ஷாட்: பஸ் ஸ்டாண்டில் அவன் பெட்டியோடு நிற்க வேண்டும், வழியனுப்ப ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. மறுநாள் படத்தைச் சென்னையில் ஒரு விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். வாடகைக் கேமராவைச் சாயங்காலமே திருப்பித் தர வேண்டும். கேமராவுக்குப் பின்னால் என்னை நிறுத்தினார்.

அவர் செய்த தப்பு, அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி, பெயரையும் 'துபாய்' என்றும் கொட்டை எழுத்தில் எழுதி, தெரு வழியாகத் தூக்கி வந்ததுதான். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் வள்ளியக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "எங்க வீட்டுக்காரரும் துபாய்லதான் இருக்காக. நெத்திலிக் கருவாடு, குடுத்துருங்க."

"அக்கா, நான் எங்கயும் போகலக்கா. இது படம்!"

"அப்புடித்தான் சொல்லணும். கண்ணு பட்டுரும்ல? அவுகளும் ஏர்போர்ட் போறவரைக்கும் வாயத் தொறக்கலையே."

டீக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசினார். பின்னாலேயே தெரு மொத்தமும் வந்தது. ஊறுகாய், முறுக்கு, யாருடைய மகனுக்கோ மூட்டுவலித் தைலம். "ஃப்ரேம விட்டுத் தள்ளுங்க!" என்று டைரக்டர் கத்தினார். "பிரியிறப்ப அப்புடித்தான் படபடன்னு வரும்" என்று ஆளாளுக்கு முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

திருச்சி பஸ் வந்தது. "ஏறுங்கண்ணே, ஃப்ளைட்டு ஒங்களுக்காக நிக்காது" என்று கண்டக்டர் அவரைப் பெட்டியோடு உள்ளே இழுத்துப் போட்டு விசில் கொடுத்தார். கதைப்படி ஹீரோ இறுகிய முகத்தோடு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். இவரோ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கையையும் ஆட்டி, குலுங்கிக் குலுங்கி அழுதார். கீழே வள்ளியக்கா அழுதார். நான் மட்டும் அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஷாட் கொஞ்சம் ஆடியிருக்கும்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கருவாட்டு வாசனையோடு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். கூட்டம் கலைந்திருந்தது. வெளிச்சமும் பாக்கி இருந்தது.

"அண்ணே, இப்ப யாருமே இல்ல. சட்டுனு நில்லுங்க, எடுத்துருவோம்" என்றேன்.

அவர் பெட்டிமேல் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேணாம் தம்பி. எடுத்ததையே அனுப்பிருவோம். இனிமே நான் தனியா நின்னா நடிப்புன்னு தெரிஞ்சுபோகும்."

அந்த மனுஷரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் கையில் வாடகைக் கேமரா இருந்ததால் பிழைத்தார்.