சுத்தமான ஒரு திட்டு

இன்றைக்கு எப்பாடு பட்டாவது மனைவியிடம் திட்டு வாங்கியே தீருவது என்ற முடிவோடு நம்மாளு படுக்கையை விட்டு எழுந்தார். ஊரிலிருக்கிற புருஷன்மார் எல்லாம் திட்டிலிருந்து தப்பிக்க வழி தேடுவார்கள். இவர் தலையெழுத்து வேறு மாதிரி. கேட்காமலே வீடு தேடி வந்துகொண்டிருந்த சரக்கு, வேணும் என்று அலையும்போது பார்த்துக் கிடைக்க மாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். பகலில் நம்மாளு லிஃப்ட் ரிப்பேர்காரர். எண்ணெய்க் கறைச் சட்டையோடு மாடி மாடியாக ஏறி இறங்குகிற பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஆளே வேறு. ராப் பாடுகிறவர்களுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிற ஹிப் ஹாப் பீட்டுக்காரர். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம், மோட்டார் முனகுகிற சத்தம் எல்லாவற்றையும் போனில் பிடித்து வந்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தாளமாக்குவார். ரேடியோவில் வராது, டிவியில் வராது. காலி குடோனிலும் கார் நிறுத்துகிற அடித்தளத்திலும் கூடிப் பாடுகிற கூட்டத்துக்குத்தான் அவரைத் தெரியும். அவர்களுக்கும் முகம் தெரியாது. 'பூட்டு' என்ற பேர் மட்டும்தான் தெரியும்.

மனைவிக்கு அதுவும் தெரியாது. உள்ளே லிஃப்ட் வரைபடம் பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, ஆசை ஆசையாகப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பீட்டைப் போட்டுக் காட்டினார். பாதியிலேயே அவள் தூங்கிப்போனாள். நம்மாளுக்கு மனசு விட்டுப்போச்சு. அன்றைக்குச் சாத்தின கதவு அது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் போட்ட பீட்டு என்று கேட்டவுடனே தெரியணும் என்பதற்காக, ஒவ்வொருத்தரும் தன் பீட்டின் தலையில் ஒரு குரலை ஒட்டுவார்கள். சிலர் தன் பேரையே சொல்லுவார்கள், சிலர் சிரிப்பார்கள். நம்மாளு என்ன வைப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், மைக்கை அணைக்க மறந்துவிட்டார். கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்றீங்க?"

அந்த 'என்னதான்' இருக்கிறதே, அதிலிருந்த அலுப்பும் அதிகாரமும் எந்தப் பாடகிக்கும் வராது. மனுஷன் அப்படியே வெட்டி எடுத்துப் பீட்டின் முன்னால் வைத்தார். அவள் கேட்டு முடித்ததும் முதல் அடி விழும். பிய்த்துக்கொண்டு போனது. இப்போதெல்லாம் அந்த வரி வந்தாலே குடோன் மொத்தமும் சேர்ந்து கத்துகிறது. கூட்டத்தின் கடைசியில் தொப்பியை இறக்கிவிட்டு நிற்கிற நம்மாளுக்குப் பெருமையில் நெஞ்சு நிமிரும். கூடவே, இவள் காதுக்கு எட்டினால் நம் கதி என்ன என்று தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் சிங்கப்பல் போன் பண்ணினான். அந்த வட்டாரத்திலேயே பெரிய ராப்பாடகன். தெற்றுப் பல் ஒன்று முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பேர். முதல் ஆல்பம் போடுகிறானாம், முதல் பாட்டே பூட்டு அண்ணன் பீட்டுதானாம், அட்டையில் பேர் அச்சாகுமாம். இத்தனை வருஷம் இருட்டில் கொட்டின உழைப்புக்கு இப்போதுதான் வெளிச்சம். ஆனால் ஒரு நிபந்தனை. பழைய குரலுக்குப் பின்னால் மிக்ஸி ஓடுகிறது, ஆல்பத்துக்கு ஆகாது, அதே குரல் அதே ரோஷத்தோடு சுத்தமாக வேணும் என்றான். அது இல்லையென்றால் பாட்டும் இல்லை, வார முடிவுக்குள் அனுப்புங்கண்ணே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மனைவியிடம் நேராகக் கேட்கலாம்தான். கேட்டால் எல்லாவற்றையும் கக்கணும். உன்னைக் கேட்காமல் உன் குரலைத் திருடினேன், நீ திட்டினதை ஊரே கத்துகிறது என்று எந்த வாயால் சொல்வது? அதைவிட அவளைக் கிளப்பிவிட்டுத் திட்ட வைப்பது சுலபம் என்று கணக்குப் போட்டார். சட்டைக் காலருக்குள் சின்ன மைக்கைச் செருகிக்கொண்டார்.

ஈரத் துண்டை மெத்தையில் போட்டார். அவள் எடுத்துக் கொடியில் உலர்த்திவிட்டு, "வெயில் நல்லா அடிக்குதுங்க" என்றாள். சாப்பாட்டில் உப்பே இல்லை என்றார். உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாவம், ரத்தக் கொதிப்புக்கு நல்லதேன்னு குறைச்சேன் என்றாள். நெஞ்சில் குத்தியது. பிரம்மாஸ்திரம்தான் பாக்கி என்று, நீ உங்கம்மா மாதிரியே குறட்டை விடுறே என்றார். ஆமாங்க, அம்மாவே அப்படித்தான் சொல்லுவாங்க என்று சிரித்துவிட்டு, பல் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அங்கே டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பின்னறைக்குள் புகுந்து படாரென்று கதவைச் சாத்தினார். மைக்கைச் சாவித் துவாரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வயிறு கபகபவென்று எரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து பார்த்தால், வாசலில் தட்டு போட்டு மூடின சாப்பாடு, பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் டீ. அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டு, ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் செம சண்டை. அந்தம்மா வீட்டுக்காரரைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார். கொடுத்துவைத்த மனுஷன் என்று நம்மாளுக்குப் பொறாமையாக இருந்தது.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஏன் திட்ட மாட்டேன் என்கிறாள்? உடம்புக்கு ஏதாவதா? இல்லை, இந்த ஆளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று கைகழுவிவிட்டாளா? அந்த நினைப்பு வந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. ஆல்பமாவது அட்டையாவது. அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்கிற அந்த ஒரு கேள்வி இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. தன்னைத் தேடி வருகிற குரல் அது என்று மனுஷனுக்கு இப்போதுதான் உறைத்தது.

போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். சாவித் துவாரத்திலிருந்து பிடுங்கி வந்த மைக்கைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை திட்டிடும்மா. எனக்குப் பயமா இருக்கு."

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினார். பூட்டு, குடோன், அவள் குரல், சிங்கப்பல், ஈரத் துண்டு, ஒன்று விடவில்லை. அவள் ஒரு சட்டையை மடித்து முடித்து, மேலே நீவிவிட்டாள்.

"தெரியும்."

"எது தெரியும்?"

"எல்லாமே. உங்க சிங்கப்பல்லுக்குப் பல்வலின்னா எங்க வருவாரு? எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாரு. வாய் நிறைய பஞ்சு. எக்ஸ்ரே எடுக்கிற தம்பி உள்ள போனவன் வரவே இல்லை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்றீங்கன்னு கேட்டேன். இவரு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துட்டாரு. பேச முடியலை. போனை எடுத்துப் போட்டுக் காட்டினாரு. பார்த்தா, நான்."

நம்மாளு கீழே கிடந்த மைக்கைப் பார்த்தார்.

"புதுசா குரல் வேணும்னு உங்களைக் கேக்கச் சொன்னதே நான்தான்" என்றாள். "அப்பவாவது கதவைத் திறந்து என்கிட்ட வந்து கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா ஈரத் துண்டைப் போடுறீங்க."

"நீதான் அன்னிக்குத் தூங்கிட்டியே."

"ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டு வந்தவ, உங்க தோள்ல சாஞ்சேன், தூங்கிட்டேன். நல்லா இல்லைன்னா தூக்கம் வருமா?"

நம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம், என்ன முட்டாள்தனம். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னறைக் கதவு இனி திறந்தே கிடக்கும் என்றார், போடுகிற பீட்டெல்லாம் முதலில் உனக்குத்தான் என்றார். அப்புறம் மெதுவாக, கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்து, அவள் பக்கம் நீட்டினார். சத்தமில்லாத வேளை, ஒரே ஒரு தடவை, அதே ரோஷத்தோடு சொல்லிவிட்டால் போதும் என்று கெஞ்சினார்.

அவள் மைக்கை வாங்கித் துணிகளுக்கு மேலே வைத்தாள்.

"அது நேத்தே ஆச்சுங்க. உங்க சிங்கப்பல் பல்லுக்குக் கேப் போட வந்தப்ப, எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே சொல்லிக் கொடுத்துட்டேன். என் குரல் ஒரே தடவையில ஓகே ஆயிடுச்சு. பீட்டுதான் கொஞ்சம் சுமாரா இருக்காம், வேற போட்டுத் தரச் சொன்னாரு."