டட்டில் விழுங்கிய பைன் மரக் காசு

பழங்காசுப் பிரியர் என்றொரு மனித இனம் உண்டு. சாதாரணக் கஞ்சனை உங்களுக்குத் தெரியும்; காசைச் செலவழிக்க மாட்டான், அவ்வளவுதான். இவர் அதற்கும் ஒரு படி மேல். செலவழிக்க மாட்டார், தொட மாட்டார், தொட விடமாட்டார், பக்கத்தில் நின்று மூச்சு விட்டால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்வார். எங்கள் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் சிப்பி தோண்டுகிறவர்களைவிட இவர்கள்தான் அதிகம்.

இப்ஸ்விச் ஊரின் எல்பிரிட்ஜ் ஹாஸ்கெல், ஓய்வுபெற்ற பல் டாக்டர், இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. குடியேற்றக் காலத்தில் பாஸ்டனில் அடித்த, பைன் மரம் பொறித்த மூன்று பென்ஸ் வெள்ளிக் காசு ஒன்று அவரிடம் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். எந்த வருஷம் அடித்தாலும் அந்தக் காசுகளில் 1652 என்றே போட்டார்களாம். அதைச் சொல்ல ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம். மனைவி லோயிஸ் பிறந்த தேதி நினைவிருந்ததா? அதை ஏன் கேட்கிறீர்கள்!

பழங்காசுப் பிரியர்களின் மாதக் கூட்டம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். எல்லார் வாயிலும் டோனட். எல்லார் கண்ணிலும் பூதக்கண்ணாடி. அன்று எல்பிரிட்ஜ் பெட்டியைத் திறந்ததும், அடுத்தவர் காசெல்லாம் போலி என்றே நம்பும் கொர்னேலியஸ் டட்டில் எட்டிப் பார்த்தார்.

"இது பைன் மரமாய்யா? விளக்குமாறு மாதிரி இருக்கு."

"உன் கண்ணுலதான்யா கோளாறு!"

"கடிச்சுப் பாத்தா வெள்ளியா ஈயமான்னு தெரிஞ்சுட்டுப் போகுது."

சொல்லி முடிப்பதற்குள் காசு அவருடைய பல்செட்டுக்கு நடுவில். அந்தப் பல்செட்டைச் செய்து கொடுத்தவரே எல்பிரிட்ஜ்தான். "கடிக்காதே!" என்று அவர் போட்ட கூச்சலில் டட்டில் திடுக்கிட்டார். கடிக்கவில்லை. விழுங்கிவிட்டார்.

"பயப்பட ஒண்ணுமில்ல, தானா வந்துரும்" என்றார் ஊர் டாக்டர்.

"கீறல் விழாம வருமா டாக்டர்?" என்றார் எல்பிரிட்ஜ்.

டட்டிலைக் கண்ணாடிச் சாமான் போலத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பாஸ்டன் வழக்கப்படி வெல்லப்பாகில் வேகவைத்த பீன்ஸை வேளாவேளைக்குத் தானே ஊட்டினார். "குனியாதே! இருமாதே!" என்று கூடவே நடந்தார்.

"நானும் ஒரு காசை முழுங்கியிருந்தா எனக்கும் இந்தத் தலையணை கெடைச்சிருக்குமா?" என்றாள் லோயிஸ்.

"உள்ள இருக்கறது அசல்தான்யா, வயித்துக்கே தெரியுது" என்றார் டட்டில். போலியை விழுங்கினேன் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

ஒருவழியாகக் காசு வெளியே வந்தது. வந்த கோலத்தை நான் வருணிக்க வேண்டியதில்லை.

"கழுவிட்டு உள்ள கொண்டா" என்றாள் லோயிஸ்.

எல்பிரிட்ஜ் வெளிறிப்போனார். "பழங்காசைக் கழுவவே கூடாது லோயிஸ்! அந்தக் கறுப்புதான் அதோட வயசு, மதிப்பு எல்லாம்!"

"அப்ப நீயும் அதுவும் கொல்லைக் கொட்டகையிலயே இருங்க."

போனார் மனுஷர்! வெளியே பனி கொட்டுகிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையில் பூதக்கண்ணாடியோடு காசைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தால், சமையலறையில் அவருடைய நாற்காலியில் டட்டில்! அவருடைய தட்டில் சுடச்சுட ஆப்பிள் பை! லோயிஸ் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வாளியில் தண்ணீர் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கழுவினார். சோப்புப் போட்டே கழுவினார்.

உள்ளே வந்து மேசைமேல் வைத்ததும் டட்டில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இந்தப் பளபளப்பைப் பாத்தா நேத்து அடிச்ச மாதிரியில்ல இருக்கு? எனக்கென்னமோ சந்தேகம்தான்."

"என் நாற்காலியை விட்டு எழுந்திரிய்யா!" என்றார் எல்பிரிட்ஜ்.

லோயிஸ் காசை வெறும் விரலால் எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்பிரிட்ஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஆப்பிள் பை தின்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே எழுந்து போய், உங்கள் டிவி ரிமோட்டுக்கு வாங்கிய நாளிலிருந்து போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள், பார்க்கலாம்.

என்ன, கை வரமாட்டேன் என்கிறதா?