ஸ்பீக்கர் வயரும் றீட்டாவின் கேசட்டும்

மேல் டிவிசன்,
பூனாகலை வழி.

ஆண்டவருக்குள் அன்பான மைத்துனர் றிச்சர்டுக்கு,

அத்தான் மாணிக்கராஜ் எழுதுவது. இங்கே நானும் மழையும் சுகம். கொழும்பில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் செபமாலை சொல்கிறேன். சில நாள் கோபத்தோடு சொல்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் நீ அனுப்பிய வயர். அடுத்த மாதத்தோடு உன் அக்கா போய் ஒரு வருஷம். அவள் பெட்டிக்கு அடியில் கிடைத்த கேசட்டைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? நான் கட்டார் நாட்டில் லொறி ஓட்டின காலத்தில் எனக்காகப் பேசிப் பதிந்தது. அதற்குள் நானே வந்து இறங்கிவிட்டதால் அனுப்பாமல் விட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசிப் பத்து நாளும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதனால் இந்தக் கேசட்டில் இருப்பதுதான் எனக்கு றீட்டாவின் கடைசி வார்த்தை. அதுதான் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்து குறைந்தது, பங்குச் சாமியார் மாறிப்போனது எல்லாம் தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் "ஏங்க" என்கிறாள். உடனே ஊ என்று ஒரு இரைச்சல் எழும்பி அவளை மூடிவிடுகிறது.

"வயருதான் அத்தான் கோளாறு, நல்லதாப் போட்டாச் சத்தம் கண்ணாடி மாதிரி வரும்" என்றாய். பாம்புத் தடிப்பில் ஒரு வயர் வந்தது. அம்புக்குறி பார்த்துச் செருகச் சொன்னாய், செருகினேன். தரையில் படக்கூடாது என்றாய், ஆறு ஜாம் போத்தல்களின் மேல் ஏற்றி வைத்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாவின் ஆடு உள்ளே வந்து அதில் கால் மாட்டி, போத்தல் உடைந்து, எனக்கு நாலு தையல். இரைச்சல் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போய், ரேடியோ திருத்துகிற ஷெல்டனிடம் காட்டினேன். அவன் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, பழைய மெல்லிய வயரையும் உன் வயரையும் மாற்றி மாற்றிப் போடுவதாகச் சொன்னான். "இதுதான் தடிச்சது, வித்தியாசம் தெரியுது" என்று மூன்று தடவை அடித்துச் சொன்னேன்.

"அங்கிள், நான் மெல்லிசக் கழட்டவே இல்ல" என்றான்.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், தம்பி.

ஆகவே உன் வயரை உடுப்புக் காயப்போடக் கட்டப்போகிறேன். கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கொழும்பில் இரைச்சலைக் கழுவி எடுக்கிற இடம் இருக்கிறதாமே, கொடுத்துச் சுத்தம் பண்ணி, வருஷப் பூசைக்கு வரும்போது கொண்டு வா. மாதா உங்கள் எல்லாரையும் காத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கால் நொண்டும் அத்தான்,
மாணிக்கராஜ்

பி.கு.: கேசட்டைத் தேடாதே, வைக்கவில்லை. கவரை ஒட்டுமுன் கடைசியாக ஒரு தடவை போட்டேன். ஆட்டைத் தேடிக்கொண்டு ராசம்மா வந்தாள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் முப்பது வருஷம் மெசினுக்குப் பக்கத்தில் நின்றவள்.

"இது நம்ம ஸ்டோரு சத்தமுல்ல அண்ணே" என்றாள்.

ஸ்டோரைப் பூட்டி எட்டு வருஷமாகிறது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. மெசின் இரைச்சலுக்குள் பேச்சைப் பிடித்துப் பழகிய காது ராசம்மாவுக்கு. றீட்டா சொல்வதை ஒவ்வொரு வார்த்தையாக எனக்குச் சொன்னாள்: "ஏங்க, ஸ்டோரு சத்தமில்லாம அங்க தூக்கமே வரலன்னு எழுதியிருந்தீங்களே. சன்னலத் தொறந்து வச்சிருக்கேன், கேட்டுக்கிட்டே தூங்குங்க."

உன் வயரையே திரும்பவும் போட்டிருக்கிறேன். அதில்தான் இரைச்சல் நன்றாகக் கேட்கிறது. ஷெல்டனிடம் சொல்லாதே.