கிராணியாரின் ஆற்றோர வழி

வழி ரசிகர் என்றொரு இனம் உண்டு. காட்டுக்குள் போய்த் தேட வேண்டாம். எங்கே ஒரு சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறதோ அதன் பக்கத்திலேயே நிற்கும். எப்படி அடையாளம் கண்டுகொள்வது? பக்கத்து ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பாருங்கள். மற்ற மனிதர் கையை நீட்டித் திசை காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இவர் முதலில் கண்ணை மூடுவார். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, "பெரிய சடக்குலயா போகப் போறீங்க?" என்பார், தார் ரோட்டில் போகிறேன் என்பது என்னவோ பெற்ற பிள்ளையை விற்கப் போகிறதாகச் சொன்னதுபோல. அப்புறம் உங்களுக்கு விடுதலை இல்லை. ஆற்றோரம் ஒரு பாதை இருக்கிறதாம். நிழலாம். காற்றாம். மேடே கிடையாதாம். சும்மா ரெண்டே மைல்தானாம். அவர் மேடே கிடையாது என்றால் இரண்டு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டே மைல் என்றால் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்து கணக்கெழுதிய பரஞ்சோதி, இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த உருப்படி. அது ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடித்த இரண்டாம் வருடம். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை தன் மோட்டாரில் ஏறி என்றோ ஓடிவிட்டார். லாரிகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் மோந்து பார்க்கவும் கிடைக்காது. சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜித்ரா வரைக்கும் நடுச்சடக்கில் நெல்லைக் காயவைத்துவிட்டுத் தூங்கலாம். எழுப்ப ஒரு ஹாரன் கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் பரஞ்சோதி எதைத் தேடினார் தெரியுமா? மோட்டார் வராத வழியை! மாமியாரே இல்லாத வீட்டில், மாமியார் கண் படாத மூலையைத் தேடி உட்கார்வது போல.

இந்த ரசனையைப் பின் கேரியரில் உட்கார்ந்து அனுபவித்தவள் அவர் மனைவி புஷ்பவள்ளி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவள் அவள்தான். வைத்தியம் பார்த்த டிரஸ்ஸரும் ஓடிப்போன பிறகு மருந்தும் அவள்தான், ஆறுதலும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கணவர் அவளை ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் போவார். மெர்போக் ஆறு தன் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும். ஒரு பக்கம் நீப்பா மரங்கள், மறு பக்கம் வயல், எதிரே ஜெராய் மலை மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அழகு இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அதை எத்தனை தடவை சொல்லுவார் ஒரு மனிதர்!

"பாத்தியா புஷ்பம்? ஒரு மோட்டார் உண்டா?"

"எருமை இருக்குங்க."

"எருமை ஹாரன் அடிக்குமா?"

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு பக்கமும் ரப்பர் மரம், உலர்த்தும் புகைக்கூடு கொள்ளாமல் ரப்பர் ஷீட்டு, வாங்கத்தான் ஆளில்லை. ஆனால் சைக்கிளுக்கு ஒரு டயர் கிடையாது. பரஞ்சோதி ஷீட்டை நீளநீளமாக அரிந்து, சக்கரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, கம்பி போட்டுக் கட்டித் தானே டயர் செய்துகொண்டார். காலை வேளையில் அது டயர். வெயில் ஏறினால் பசை. வழியில் கிடக்கும் சருகு, மணல், கோழி இறகு எல்லாம் அதில் ஏறிப் பயணம் செய்யும். ஒரு முறை கோழிக்குஞ்சே ஒட்டிக்கொண்டு கால் மைல் வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். கால் மைல் என்பது மிகை. இருநூறு கெஜம் வந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் மரியராஜ் என்ற ரப்பர் பால்வெட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். மனைவி அகத்தாவுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை வயிற்றிலேயே போனது; இது இரண்டாவது.

"அக்கா, கால்தான் கீழ இருக்குன்னு பக்கத்து வீட்டுக் கெழவி சொல்லுது. சீக்கிரம் வாங்கக்கா."

புஷ்பவள்ளி பையை எடுத்தாள். பரஞ்சோதி தொப்பியை எடுத்தார். சைக்கிள் புறப்பட்டது. மரியராஜ் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சடக்கு பிரியும் இடம் வந்தது. நேரே போனால் பாலம், பாலத்தைத் தாண்டி நாலு மைலில் அகத்தா. சைக்கிள் வலது பக்கம் திரும்பியது. ஆற்றுப் பக்கம்.

"கிராணி ஐயா! பாலத்துச் சடக்கு இப்படில்லா போகுது!"

"அதுல மேடு தம்பி. இது சமதரை. ஒரு மோட்டார் வராது."

"எதுலதான் ஐயா மோட்டார் வருது?"

இந்தக் கேள்விக்கு வழி ரசிகர்கள் பதில் சொல்வதில்லை. காதில் காற்று அடிப்பதாக வைத்துக்கொள்வார்கள்.

அந்த வழி ஒன்பது மைல். இரண்டாம் மைலில் வெயில் ஏறியது. மூன்றாம் மைலில் டயர் பசையாகி, சருகை வாரி, வைக்கோலை வாரி, சக்கரம் பன்றிக்குட்டி பருமனுக்கு ஊதி, மட்கார்டில் சிக்கி நின்றே விட்டது. பரஞ்சோதி குச்சியால் சுரண்ட உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிசம். அதுவரைக்கும் இந்தக் காத்தக் கொஞ்சம்..."

மரியராஜ் வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "நான் பாலத்து வழியாத்தான் வந்தேன் அக்கா. சிப்பாய் நின்னான். குனிஞ்சேன். போன்னுட்டான். அவ்வளவுதான்."

குச்சி ஒரு கணம் நின்றது. புஷ்பவள்ளி அதைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்னால் பரஞ்சோதி கன்னம் வீங்கி, தொப்பி இல்லாமல் வீடு வந்தார். வேர் தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். நடந்தது வேறு. பாலத்து முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு எல்லாரும் வாகனத்தை விட்டு இறங்கி, இடுப்பு வளையக் குனிய வேண்டும் என்று உத்தரவு. பரஞ்சோதிக்கோ இருபது வருடப் பழக்கம். தொரைக்குச் செய்வதுபோலவே, சைக்கிளில் இருந்தபடி தொப்பியைத் தூக்கி, இங்கிலீஷில் "குட்மார்னிங் சார்" என்றார். ஜப்பான்காரனிடம்! விழுந்த அறையில் தொப்பி கால்வாயில் போனது. அதுகூடப் பெரிதில்லை. தினமும் காலையில் அவர் பேர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துகிற ஆட்கள், அன்றைக்கு எதிர்ப்பக்கம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கிராணியாருக்கு ஆற்றின் அழகு கண்ணில் பட்டது.

ஒரு வருடமாக அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கேரியரில் உட்கார்ந்து எருமைகளை எண்ணினாள். இப்போது கிட்டே போய், மரியராஜ் காதில் விழாதபடி சொன்னாள்.

"ஏங்க, அஞ்சு வெரலு உள்ள வேரு எந்த மரத்துக்குங்க இருக்கு?"

பரஞ்சோதி நிமிரவில்லை.

"அங்க ஒருத்தி கெடக்கா. எனக்கு இந்த ஆறு வேணாம். நீங்க வரலன்னா நான் நடந்தே பாலத்துக்குப் போறேன்."

ஆற்றில் மீன் ஒன்று துள்ளியது. வேறு சமயமாக இருந்தால் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பார். இப்போது எழுந்தார். மட்கார்டைப் பிடுங்கி வயலில் எறிந்தார். வயலுக்குக் குறுக்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். சமதரைதான், ஆனால் முழங்கால் சேறு.

சடக்கில் ஏறிச் சைக்கிளை மறுபடி மிதித்தவர், பாலம் தெரிந்ததும், அம்பது கெஜம் முன்னாலேயே இறங்கிவிட்டார். தொப்பியைக் கழற்றினார். எதிரே அவர் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பார்த்தார்கள். பரஞ்சோதி குனிந்தார்.

சிப்பாய் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். சருகும் இறகுமாக நின்ற சக்கரத்தைப் பார்த்தான். ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, போகச் சொல்லிக் கையை ஆட்டினான். கிராணியார் குனிந்தபடியே இருந்தார்.

"போதுங்க, நிமிருங்க," என்று புஷ்பவள்ளி சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

குழந்தை கால் முதலில்தான் வந்தது. எப்படி வாங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். முதலில் அழவில்லை, முதுகில் இரண்டு தட்டு, வாயில் ஒரு ஊதல், அதற்குப் பிறகு லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி அழுதது. பெண் குழந்தை. அகத்தா பிழைத்துக்கொண்டாள். "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா ரெண்டும் இல்ல," என்றாள் கிழவி, யாரையும் பார்க்காமல். வாசலில் இருந்த பரஞ்சோதி டயரைச் சுரண்டுவதில் மும்முரமாக இருந்தார்.

சாயங்காலம் திரும்பினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் ஆற்றுவழி சடக்கை விட்டுப் பிரியும் இடம் ஒன்று உண்டு; அங்கே சைக்கிள் நின்றது. ஒரு பக்கம் பாலம், ஒரு பக்கம் ஆறு. பரஞ்சோதி பின்னால் திரும்பாமலேயே காத்திருந்தார்.

"இப்ப அவசரம் ஒண்ணுமில்லீங்க. ஒங்க இஷ்டம்."

சைக்கிள் ஆற்றுப் பக்கம் திரும்பியது. வெயில் சாய்ந்து டயர் மறுபடி டயராகியிருந்தது. ஜெராய் மலை சிவந்து கிடந்தது. அரை மைல் போனார்கள். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,

"ஒரு மோட்டார் உண்டா?" என்றார்.

"இல்லீங்க," என்றாள் புஷ்பவள்ளி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் சைக்கிள்கூட இருக்காது. ஆனால் கடைத்தெருவுக்கு நேராகப் போகாமல் நாலு சந்து சுற்றிப் போகிறீர்களே, அந்தப் பக்கம் நல்ல நிழல் என்று வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறீர்களே, நேர்வழியில் அப்படி யாருடைய வீடு இருக்கிறது?