மன்னிப்பு மாஸ்டரின் பட்டியல்

உலகத்திலேயே செடிகளிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் ஒருவர்தான். வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜில், பதினொன்றாம் அறையில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தவர். சண்டையால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர். எங்களுக்கு அவர் ‘மன்னிப்பு மாஸ்டர்’.

காலையில் நாற்பத்திரண்டு படிகள் ஏறி மொட்டைமாடிக்குப் போவார். (எண்ணியவன் நான். அதில் ஒன்று உடைந்திருந்தது. சொல்லிச் சொல்லியும் ஒருவரும் திருத்தவில்லை.) அங்கே வெறுமையான பால்மாத் தகர ரின்களில் இருபத்தைந்து செடிகள். மழை பெய்தால் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு நாய்க்குடை. ஆக இருபத்தாறு. ஒவ்வொன்றிடமும் குனிந்து, மனிதர் அதற்கு வைத்த கேவலமான பெயருக்காக வருத்தம் தெரிவிப்பார்.

“குப்பைமேனியாம்! உம்மடை மேனியை ஒருத்தன் அப்பிடிச் சொன்னா விடுவீரோ ஐசே?” என்று என்னைக் கேட்பார்.

வெள்ளைக்காரர் ‘வாண்டரிங் ஜூ’, அதாவது அலையும் யூதன், என்று பெயர் வைத்த ஊதாக் கொடியிடம்தான் நெடுநேரம் நிற்பார்.

“துரத்தினதும் அவங்கள், அலையிறான் எண்டு பழிச்சதும் அவங்கள். இந்த லொட்ஜிலை நாங்கள் மட்டும் என்ன செய்யிறம்?”

அன்றிலிருந்து அந்தக் கொடி ‘விருந்தாளி’. எல்லாவற்றுக்கும் இப்படி மறுபெயர் வைத்து, கொப்பியில் இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதுப்பெயர் என்று எழுதினார். ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போகிறவர்களுக்கும் புதுப்பெயர் வைப்பார்கள் என்ற எண்ணமே அந்த மனிதருக்கு வரவில்லை.

இரவு மழை பெய்து விட்ட ஒரு காலை பொலிஸ் சோதனைக்கு வந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்ஸ்பெக்டர் கொப்பியைப் புரட்டினார்.

“இருபத்தேழு ஆள். இருபத்தேழு கள்ளப் பேர். எங்க இருக்கிறது இவங்க?”

மாஸ்டர் பணிவாகச் சொன்னார்: “மேலை இருக்கினம் சேர்.”

நான்கு பொலிஸ்காரர் துவக்கை நீட்டியபடி படியேறினார்கள்; பின்னால் இன்ஸ்பெக்டரும் மாஸ்டரும் நானும். உடைந்த படியில் ஒருவர் இடறினார். நான் முன்பே சொன்னேன்.

மேலே மாஸ்டர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். இன்ஸ்பெக்டர் சரி போட்டுக்கொண்டே வந்தார். நாய்க்குடையைச் சரிபார்க்கத் தொட்டியடியில் முழந்தாளிட்டார். இருபத்தாறும் சரி.

“ஒண்ணு இல்லையே. ‘சிடுமூஞ்சி’. புதுப் பேர் ‘அக்கறைக்காரன்’. யார் அது?”

அதுவரை ஓயாமல் பேசிய மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“சொல்ல மாட்ட? வா, ஜீப்பில ஏறு.”

பொலிஸ்காரர் ஒருவர் மாஸ்டரின் கையைப் பிடித்தார். லொட்ஜில் என்னை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்னால் வந்தேன்.

“அது நான்தான் சேர்.”

இன்ஸ்பெக்டர் என் முகத்தை மூன்று விநாடி உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“பழைய பேர் சரிதான்.” கொப்பியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பிக் குனிந்தார், செடிகளிடம் குனிவதுபோலவே.

“மன்னிக்க வேணும் ஐசே. அந்தப் பேரை வச்ச ஆக்கள் உம்மை வடிவாப் பாக்கேல்லை.”

அன்று மட்டும் நான் படிகளை எண்ணாமல் இறங்கினேன்.